செடிகளுக்கு வெட்டிய பேர்

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்குச் சுந்தரவல்லி என்று ஒரு பேர் இருப்பது, நான் மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்து வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அவள் மாமி. டியூஷன் பிள்ளைகளுக்கு ஹிந்தி மிஸ். அவள் கணவர் ஸ்ரீநிவாசராகவனுக்கு அவள் வெறும் 'இந்தா'. ஒருநாள் கூரியர்காரர் வாசலில் நின்று "சுந்தரவல்லி யாருங்க?" என்று கேட்டபோது, பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். மறுநாள் மாமி பாதிப் படி ஏறி வந்து, "அது நான்தான் சரசு" என்றாள். கோபமெல்லாம் இல்லை. சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது இந்த வீடு. ஒரு மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அது வடிவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். நான் பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சாயங்கால ரயிலில் நின்றுகொண்டே வந்து, ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்து வீடு சேரும்போது, கீழே மாமி பிள்ளைகளுக்கு நடுவே இருப்பாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவோம். எங்களுக்குள் குசலம் விசாரிப்பது அவ்வளவுதான்.

பேர் தொலைந்த கதையை மாமி ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அவளுடைய மாமியாருக்கும் சுந்தரவல்லி என்றுதான் பேராம். கல்யாணமாகி வந்த புதிதில் மாமா, "சுந்தரவல்லி, காபி கொண்டா" என்று குரல் கொடுத்திருக்கிறார். கூடத்தில் இருந்த அவருடைய அம்மாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. பெற்றவளைப் பேர் சொல்லி அதட்டுகிற மாதிரி இருக்கிறதே என்று அன்றைக்குப் பெரிய ரகளை. அன்றோடு அந்தப் பேர் அந்த வீட்டில் மாமிக்கு இல்லாமல் போனது. மாமியார் காலமாகி எத்தனையோ வருஷமாயிற்று. ஆனால் பேரைத் திருப்பித் தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டா என்ன குறைஞ்சு போயிடும்னு தோணும்" என்றாள் மாமி. "வாயைத் திறந்து கேக்கறதுக்கு வெக்கமா இருக்கும். அப்பறம் ஆத்து வேலையில மறந்து போயிடும்."

மறந்து போகிறவள் அதை என்னிடம் ஏன் சொல்ல வேண்டும்? அவள் மறக்கவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. கால் கொஞ்சம் தேறியது. தடியை ஊன்றிக்கொண்டு வாசல் வரைக்கும் வருவார். பேச்சு மட்டும் தேறவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "அ... அ..." என்று ஏதோ வரும், முகம் சிவந்துபோகும், இடது கையால் நாற்காலியைக் குத்துவார். அவரிடமிருந்து 'இந்தா' கூடப் போய்விட்டது. மகன் ஷ்யாம்சுந்தர் புனேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவான். அப்பா பேசாமல் உட்கார்ந்திருப்பார், பிள்ளை "அப்பா, அப்பா" என்பான், மாமி போனைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். மூன்று பேருக்கும் அந்த அழைப்பு எப்போது முடியும் என்றிருக்கும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கச் சேலையூரிலிருந்து மாளவிகா என்ற பெண் வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் வருவாள். சின்ன வயசு, ஆனால் கெட்டிக்காரி. "மாமி, அவருக்கு ரீடிங் கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்றாள். "தானா சொல்ல வராத வார்த்தையைக்கூட எழுத்தைப் பார்த்தா சொல்றதுக்கு சான்ஸ் இருக்கு. வீட்ல எல்லாத்துலயும் பேர் எழுதி ஒட்டுங்க."

மாமி அன்றைக்கே ஒட்டினாள். கதவு, கடிகாரம், ஃபிரிட்ஜ். மாமா குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்தவர். காலமெல்லாம் ஊர்ப்பட்ட உதிரி பாகங்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டினவர் வீட்டில், ஃபிரிட்ஜின் மேல் 'ஃபிரிட்ஜ்' என்று ஒட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்? இடது கை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டார். வீட்டுக்குள் அவர் ஆர்வமாகப் பார்க்கிற பொருள் ஒன்றும் மிச்சமில்லை.

வெளியே இருந்தது. மதில் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் விட்ட நீள இடத்தில் அவர் கையால் வைத்த செடிகள் இருந்தன. கத்திரி, வெண்டை, கற்பூரவல்லி, பிரண்டை, கறிவேப்பிலை, சங்குப்பூ, ஒரு பவழமல்லி. காலையில் பிளாஸ்டிக் நாற்காலியை அங்கே போட்டு உட்கார வைத்தால், அவர் முகம் கொஞ்சம் இளகும். அதைப் பார்த்துத்தான் செடிக்கெல்லாம் பேர்ப்பலகை வைக்கலாம் என்று மாமிக்குத் தோன்றியது.

முதலில் ஐஸ் குச்சி. ஸ்டேஷனரிக் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்காக விற்கிற கட்டு ஒன்றை வாங்கி, ஸ்கெட்ச் பேனாவால் எழுதிச் செருகினாள். ஒரு சாயங்கால மழையில் மை வழிந்து குச்சியெல்லாம் ஊதா ஆகிவிட்டது. அடுத்தது தயிர் டப்பா. அதைப் பட்டை பட்டையாக வெட்டி, அழியாத மை பேனாவால் எழுதினாள். மழைக்குத்தான் அது அழியாதாம். வெயிலுக்கு இரண்டே வாரத்தில் வெளுத்துப்போனது. பிறகு பாத்ரூம் வேலை செய்தபோது மிஞ்சிய டைல்ஸ் துண்டுகள். டியூஷனுக்கு வரும் ஒரு பெண்ணிடம் சிவப்பு நகப்பூச்சு வாங்கி அதில் அழகாக எழுதினாள். எழுத்து நின்றது, டைல்ஸ் நிற்கவில்லை. ஈர மண்ணில் மல்லாந்து விழுந்து கிடக்கும். மாமாவால் குனிந்து பார்க்க முடியாது. காலையில் குக்கர் வைத்துவிட்டு ஓடிவந்து மாமி அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்துவாள். நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது மறுபடி விழுந்திருக்கும்.

"விட்டுத் தள்ளுங்க மாமி" என்றேன். எனக்கே பார்க்க அலுப்பாக இருந்தது.

"விட்டா வேற என்ன சரசு பண்றது?" என்றாள் அவள்.

பரணைச் சுத்தம் செய்யப் போனபோதுதான் கரண்டிகள் கிடைத்தன. கல்யாணச் சீர், கிரகப்பிரவேசம், யாரோ யாருக்கோ கொடுத்து நமக்கு வந்தது என்று ஒரு சாக்குப்பை நிறைய எவர்சில்வர் சாதக் கரண்டிகள். முகம் அகலமாக, தட்டையாக, காம்பு நீளமாக. காம்பை மண்ணில் ஆழமாகக் குத்தினால் முகம் நிமிர்ந்து நிற்கும். அதில் பேர் வெட்டிவிட்டால் மழைக்கும் போகாது, வெயிலுக்கும் போகாது. இந்த யோசனை வந்த அன்று மாமி படியேறி வந்து என்னிடம் சொன்னாள். அவ்வளவு உற்சாகமாக அவளைப் பார்த்து நாளாகியிருந்தது. மறுசனிக்கிழமை பையைத் தூக்க நானும் கூடப் போனேன்.

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பாத்திரக்கடை. வாசலோரம் ஸ்டூல் போட்டு, பேர் வெட்டும் மிஷினைக் கையில் பிடித்துக்கொண்டு சிட்டிபாபு என்பவர் உட்கார்ந்திருந்தார். பையைத் திறந்து பார்த்தார்.

"இன்னாமா, கல்யாணமா? இம்மாம் கரண்டி கீது."

"கல்யாணமில்லப்பா. பேர் வெட்டணும். என்னென்ன பேர்னு கடை நம்பருக்கு வாட்ஸ்அப்புல அனுப்பிடறேன்."

"அனுப்பு. பையி மாறிடக் கூடாது, உன் பேரு சொல்லு."

மாமி சொன்னாள். அவர் பையின் மேல் பெரிசாக எழுதிக்கொண்டார். சாயங்காலம் டியூஷனுக்கு நடுவே மாமி ஒவ்வொரு செடியின் பேரையும் எழுத்துப்பிழை இல்லாமல் தட்டி அனுப்பினாள்.

அடுத்த சனிக்கிழமை போய்ப் பையைப் பிரித்தோம். முதல் கரண்டியில் 'சுந்தரவல்லி' என்று இருந்தது. இரண்டாவதிலும் அதுவே. கடைசிவரைக்கும் புரட்டிப் பார்த்துவிட்டோம்.

"என்னப்பா இது, எல்லாத்துலயும் என் பேர் இருக்கு?"

"உன் கரண்டி தானேமா? உன் பேரு தான் இருக்கும்."

"கத்திரி, வெண்டைன்னு எழுதி அனுப்பினேனே!"

"அது மொதலாளி போனுக்குப் போயிருக்கும். அந்தாளு காலைலேர்ந்து போன்ல பேசிக்கினே கீறாரு, எங்கருந்து பாக்கறது? பையி மேல இன்னா பேரு கீதோ அத்த வெட்னேன். நீயே சொல்லுமா, எந்த வூட்லயாவது கரண்டில கத்திரிக்கான்னு வெட்டிப் பாத்துருக்கியா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பாத்திரத்தில் வெட்டுகிற பேர் என்றால் பாத்திரத்துக்குச் சொந்தக்காரர் பேர்தான். நான் சண்டை போடத் தயாராக நின்றேன். மாமி என் கையைப் பிடித்து இழுத்தாள். "டியூஷன் பசங்க வந்து வாசல்ல நிக்கும், வா" என்றாள். அவளுக்குச் சண்டை போடுகிற தெம்புகூட இல்லை.

ஆட்டோவில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மாமி பையை மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் பொத்தென்று வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். மாமா இடது கையால் ஒரு கரண்டியை எடுத்துப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். உதடு அசைந்தது.

"சுந்... தர... வல்லி" என்றார்.

உள்ளே தம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. மாமி வெளியே வரவில்லை. அவர் இன்னொரு கரண்டியை எடுத்து, இந்த முறை தடுக்காமல், "சுந்தரவல்லி" என்றார். மாமி கதவோரம் வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாளே எல்லாக் கரண்டியும் செடியடிக்குப் போயின. வெட்டிய எழுத்து தெரிய வேண்டுமென்று மாமி கண்மையைக் குழைத்துத் தேய்த்துத் துணியால் துடைத்திருந்தாள். கத்திரிக்கும் சுந்தரவல்லி, வெண்டைக்கும் சுந்தரவல்லி, பிரண்டைக்கும் சுந்தரவல்லி. காலை வெயில் பட்டு அத்தனையும் என் பால்கனியில் கண் கூசும்படி அடித்தன. காபியை நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை. ஆனால் கீழே மாமா வரிசையாக வாசித்துக்கொண்டு வருவார், மாமி ஒவ்வொன்றுக்கும் "ம்... ம்..." என்று பதில் கொடுப்பாள். அதைக் கேட்டுக்கொண்டே நான் கண்ணைச் சுருக்கிக் குடித்தேன். அந்த வாரம் மாமி தலையில் முல்லைப்பூ வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் கேட்டேன், "மாமி, அவர் உங்களைத்தான் கூப்பிடறாரா, இல்ல அவங்க அம்மாவையா?"

"அதை மட்டும் கேக்காத சரசு" என்றாள். "நானே கேட்டுக்கல."

அதற்கப்புறம்தான் விஷயம் விபரீதமானது. அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் மாமாவுக்கு வந்தது. காபி வேண்டுமென்றாலும் சுந்தரவல்லி. காபி வேண்டாம் என்றாலும் அதுவே. தண்ணீர் கேன் போட வந்த ஆளையும் அப்படித்தான் கூப்பிட்டார்; அவர் திகைத்துப் போய்க் கேனை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். என்னையும் ஒருநாள் சுந்தரவல்லி என்றார். பசி, கோபம், கக்கூஸ், கொசு எல்லாவற்றுக்கும் அந்தப் பேர்தான். குரலை வைத்து மாமி கண்டுபிடிப்பாள். பாதி நேரம் தப்பாகத்தான் கண்டுபிடிப்பாள். தண்ணீரை நீட்டினால் அவர் தட்டிவிடுவார். போர்வையைக் கொண்டுபோனால் கத்துவார்.

"காலம்பற பனியன் போட்டு விடறேன் பாரு, அப்போதான் நன்னா முழுசா சொல்றார்" என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். "வலது கையைத் தூக்கி நுழைக்கும்போது தெருவுக்கே கேக்கற மாதிரி கூப்பிடறார். சிரிப்பா வரும்."

மாடியில் எனக்கும் அது கேட்கும். தினமும் விடிந்ததும் அந்தக் குரல்தான் எனக்கு அலாரம்.

கொஞ்ச நாளில் மாமிக்கு முல்லைப்பூ வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பேர் காதில் விழுந்தால் தோள் தன்னால் இறுகிவிடும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது கூப்பிடுவார், அடுப்பில் எண்ணெய் காயும்போது கூப்பிடுவார், குளிக்கும்போது கூப்பிடுவார். "இத்தனை வருஷ பாக்கியையும் சேத்து ஒரே மூச்சுல கூப்பிட்டுத் தீக்கறார் சரசு" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மாளவிகா முதலில் மகிழ்ந்துதான் போனாள். பிறகு அவள் முகம் மாறியது. ஒரு சாயங்காலம் மாமாவைப் படுக்க வைத்துவிட்டு, என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னாள்.

"மாமி, அவர் அந்த வார்த்தையிலயே மாட்டிக்கிட்டார். வேற வார்த்தை வர்ற வழியை இது அடைச்சுக்கிட்டு நிக்குது. எதைக் கேட்டாலும் இதைச் சொன்னாப் போதும், நீங்க ஓடி வந்துடறீங்க. அப்பறம் அவர் எதுக்கு வேற வார்த்தையைத் தேடணும்? அந்தக் கரண்டியை எல்லாம் எடுத்துடுங்க. அப்பறம்..." கொஞ்சம் தயங்கினாள். "அவர் அந்தப் பேரைச் சொன்னா திரும்பாதீங்க. என்ன வேணும்னு சொல்லட்டும். இல்ல, காட்டட்டும்."

"கூப்பிட்டா திரும்பக் கூடாதா?"

"கூடாது மாமி. கொஞ்ச நாளைக்கு."

எனக்கு அந்தப் பெண் மேல் ஆத்திரமாக வந்தது. எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். அவள் சொன்னது சரியாக இருக்கலாம். எனக்கு அன்றைக்குச் சரி தப்பெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒரு பொம்பளை ஆயுசு பூராவும் எதற்குக் காத்திருந்தாளோ அது இப்போதுதான் வந்தது, வந்ததும் அதற்குக் காது கேட்காத மாதிரி நடி என்றால் என்ன அர்த்தம்?

மாமி என்னைப்போல் எழுந்து போகவில்லை. அடுத்த நாள் கரண்டிகளையெல்லாம் பிடுங்கி, மண் போகத் தேய்த்துக் கழுவினாள். மறுபடி சிட்டிபாபுவிடம் போனோம்.

"பேரை அழிச்சுட்டு வேற வெட்ட முடியுமாப்பா?"

"அழிக்கறதுக்கு இது இன்னா சிலேட்டாமா? பாலீஷ் போட்டாலும் தடம் கீது. வேணும்னா பின்னாடி வெட்டித் தரேன். காசு வோணாம், போன தபா என் தப்புதான்." இந்த முறை மாமி செடிகளின் பேரை எழுதிக் கொண்டுவந்திருந்த பேப்பரை வாங்கிக் காதில் பேனா செருகுகிற மாதிரி செருகிக்கொண்டு, எங்கள் கண்முன்னாலேயே வெட்ட ஆரம்பித்தார்.

"ஒண்ணையாவது அப்படியே வெச்சுக்கங்க மாமி" என்றேன்.

"எதுக்கு? என் பேர் எனக்குத் தெரியாதா?" என்றாள்.

கரண்டிகளைத் திருப்பி நட்டாள். கத்திரி, வெண்டை, பிரண்டை எல்லாம் மாமாவின் நாற்காலியைப் பார்த்து நின்றன. அவள் பேர் மதில் சுவரைப் பார்த்து நின்றது.

அடுத்து வந்த நாட்களில் மாமா கூப்பிடுவார். முதலில் சாதாரணமாக, பிறகு கெஞ்சுகிற மாதிரி, பிறகு கத்தி. மாமி குழாயடியில் பாத்திரத்தோடு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். கழுவி முடித்த பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். அவர் விரலால் எதையாவது காட்டினால் உடனே திரும்பி, "தண்ணியா? தண்ணி சொல்லுங்கோ. தண்ணி" என்பாள். காட்டவில்லையென்றால் திரும்ப மாட்டாள். ஆபீஸ் போகிற வழியில் நான் அவரைத் தாண்டும்போது என்னைப் பார்த்தும் அந்தப் பேரைச் சொல்வார். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் திறந்து போய்விடுவேன். ரயில் ஏறும்வரை மனசு ஆறாது.

பிறகு அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வீடு அமைதியாகிவிட்டது. காலையில் பனியன் மாட்டும்போது மட்டும் ஒரு முனகல் வரும், பல்லைக் கடித்துக்கொண்ட மாதிரி. மாமி பயந்து போனாள். "இருந்த ஒண்ணையும் நானே பிடுங்கிப் போட்டுட்டேனோ?" என்று என்னிடம் கேட்டாள். இரண்டு பேரும் படிக்கட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

வார்த்தை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மாடியில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே மாமா தடியை நீட்டிக் கரண்டியைத் தொட்டு, "வெண்... டை" என்றார். மாமி கையைத் தட்டினாள். அவர் மறுபடி சொன்னார். அந்த வாரத்தில் கத்திரி வந்தது, சங்கு வந்தது. கரண்டியில் இல்லாத 'தண்ணி'யும் ஒருநாள் தன்னால் வந்தது. மாமி ஓடிப்போய்ச் செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் சிரித்தார். மாளவிகாவை நான் மனசுக்குள் மன்னித்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை. மாமி பனியன் மாட்டுவதற்காக அவருடைய வலது கையைத் தூக்கினாள். அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிறகு அதே கையால் தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.

"வ... வலி" என்றார். "வலி. வலி."

அன்றைக்கே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனோம். வாதத்தில் விழுந்த கைக்குத் தோள் இப்படி இறுகிப்போவது சகஜம்தான் என்றார் டாக்டர். இது நாள்பட்டது, மாசக்கணக்கில் இருந்திருக்கும், கையைத் தூக்கும்போதெல்லாம் உயிர் போயிருக்குமே, இவர் சொல்லவே இல்லையா என்று கேட்டார். மருந்தும் உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்ததை நான்தான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்து, தோளில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, மாமி வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"சொல்லலையான்னு கேக்கறாரே டாக்டர்" என்றாள் மாமி. "தினம் சொன்னார் சரசு. தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னார். வலி, வலின்னு சொல்ல வந்திருக்கார், வாயில அகப்பட்டது சுந்தரவல்லி. நான் என்னைத்தான் கூப்பிடறார்னு பூ வெச்சுண்டு நின்னேன். கையை இன்னும் கொஞ்சம் தூக்கினா இன்னும் நன்னா சொல்றாரேன்னு..."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அவள் அழுததை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். அப்போது சந்தோஷத்தில் அழுதாள். இது அப்படி இல்லை. உங்களையும்தான் கூப்பிட்டிருப்பார் மாமி என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருக்க மாட்டாள், சொல்கிற எனக்கும் நம்பிக்கை இல்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"வலி..."

மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே போனாள்.